ஒதுக்கிய சாமான்

அலுமாரியின் கீழ்த்தட்டில் கிடந்ததையெல்லாம் பிறின்சி தரையில் இழுத்துப் போட்டாள். கணவன் றொபேட்டின் சாரங்கள், மகள் யதுர்சிகாவின் பழைய பள்ளிக்கூடச் சட்டைகள், சாயம் போன துவாய்கள். அண்ணனுடையது என்று ஒன்றும் இல்லை. இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கதவடியில் நின்று மேரி ரோஸ் பார்த்துக்கொண்டிருந்தபடியால் மேல்தட்டிலும் கையை விட்டுத் துழாவினாள்.

“ஒரு வெள்ளைச் சேட்டும் ஒரு காற்சட்டையும் போதும் பிள்ளை,” என்றாள் பக்கத்து வீட்டு மேரி ரோஸ். “போன பாஸ்காவுக்கு ஒண்டு போட்டவரெல்லோ. நல்ல சேட்.”

“ஓம் அக்கா.”

“அதை எங்க வைக்கிறவர்?”

பிறின்சி பதில் சொல்ல முன்னம் போன் அடித்தது. றொபேட் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான்.

“ஐசி எடுத்திட்டியோ? அடையாள அட்டை இல்லாமல் ஒண்டும் எழுத ஏலாதாம். மரண விசாரணை அதிகாரி வந்து நிக்கிறார். அவர் போயிட்டா பிறகு திங்கட்கிழமைதான்…” அவன் கொஞ்சம் நிறுத்தினான். “மச்சானைத் தருவினம்.”

“தேடுறன்.”

“பெட்டிக்குள்ளதான் இருக்கும். உடுப்பும் அதுக்குள்ளதானே. திறப்பு அவரின்ர இடுப்பில கிடந்தது, நான் எடுத்து வச்சிருக்கிறன். நீ பூட்டை உடைச்சு எடு. பறவாயில்லை.”

“ஓம்,” என்றாள். “கொண்டுவாறன்.”

பெட்டி வீட்டில் இல்லை. நேற்று மத்தியானம் பழைய சாமான் எடுக்கிற ஜெஸீமின் சின்ன லொறியில் அது போய்விட்டது. ஏற்றிவிட்டவள் அவள்தான்.

தலைமன்னார் வீதியிலிருந்து இறங்கும் மணல் ஒழுங்கையில், வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு அது. ஒரு ஹோல், இரண்டு சின்ன அறைகள், குசினி. பின்னால் றொபேட் தகரத்தால் இறக்கிய ஒரு கொட்டில். ஞாயிற்றுக்கிழமை யதுர்சிகாவைப் பார்க்க முருங்கனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. தவக்காலம் தொடங்க முன்னம் பேசி முடித்துவிட வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். அதனால் இந்தக் கிழமை முழுக்க பிறின்சி வீடு ஒதுக்கினாள். ஒதுக்கத் தொடங்கிய பிறகுதான் எவ்வளவு சாமான் கிடக்கிறது என்று தெரிந்தது. சுற்றாத காற்றாடி, மூடியில்லாத ரைஸ் குக்கர், ஓட்டை விழுந்த தண்ணீர்க் கான்கள், நிவாரணத்துக்கு வந்த நீலத் தறப்பாள்கள், கால் போன கதிரை, யதுர்சிகா ஓடிய மூன்று சில்லுச் சைக்கிள். வருசக்கணக்காகக் கண்ணுக்கு முன்னால் கிடந்தும் ஒருவரும் காணாத சாமான்கள். வேண்டியது எது வேண்டாதது எது என்று யோசிக்க நேரமில்லாததைக் கொட்டிலுக்குள் தள்ளினாள். மற்றதை ஜெஸீமுக்கென்று வாசலில் குவித்தாள்.

ஹோல் மூலையில் அண்ணனின் றங்குப் பெட்டி மட்டும் மிஞ்சியது.

இராசேந்திரம் அவளுடைய ஒரே அண்ணன். தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் அவளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு கடல் கடந்தவர் அவர்தான். வள்ளக்காரர் பாதிக் கடலில் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போனபோது தண்ணீர் ஏற ஏற அவளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். மண்டபம் முகாமில் பெயின்ற் அடிக்கிற வேலைக்குப் போய் அவளைப் படிப்பித்து, அங்கேயே றொபேட்டுக்குக் கட்டியும் கொடுத்தார். தான் கட்டவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்குச் சிரித்துக்கொண்டு வேறு கதைக்குப் போய்விடுவார். முகாமில் பக்கத்து வீட்டுக்கும் தங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சாக்குத் தட்டிதான். பூட்டி வைக்க ஒன்று வேண்டும் என்று வாங்கியதுதான் அந்தப் பெட்டி. தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஓடிய அந்தக் கொஞ்சக் காலத்தில் எல்லோரும் திரும்பி வந்தபோது அதுவும் கூட வந்தது. தனி ஆள் என்றபடியால் அவருக்கு வீடு கிடைக்கவில்லை. ஹோலில் பாய் விரித்துப் படுத்தார். பெட்டி இருந்த மூலைதான் அவருடைய இடம்.

அதைப் பின்னால் கொண்டுபோய் வையுங்கோ என்று பிறின்சி கனதரம் சொல்லியிருந்தாள். ஓம் ஓம் என்பார். பிறகு வேலைக்குப் போய்விடுவார். பெட்டியின் அடி கறள் பிடித்து சீமெந்தில் செம்மண் நிறத்தில் ஒரு சதுரக் கறை விழுந்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. நேற்று அந்தக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஜெஸீமின் லொறி ஒழுங்கைக்குள் வந்தது. பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே என்னவோ தகரம் உருண்டது. காய்ந்த பெயின்ற் டின்களாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் அவளுக்கு விருப்பமாக இருந்தது.

“பூட்டிக் கிடக்கே தங்கச்சி,” என்றார் ஜெஸீம்.

“பறவாயில்லை நானா. எல்லாம் பழசுதான்.”

பதிலுக்கு அவர் ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் பேசன் கொடுத்தார்.

பின்னேரம் அண்ணன் வந்தார். சேட்டைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பெட்டி எங்க பிறின்சி?”

அவள் அடுப்படியில் நின்றாள். திரும்பாமலே சொன்னாள்: “பின்னால கொட்டிலுக்குள்ள வச்சிருக்கிறன்.”

“ஓ.”

அவர் கொட்டில் பக்கம் போகத் திரும்புவது தெரிந்தது.

“இப்ப இருட்டுக்குள்ள தேடாதேங்கோ அண்ணா. பாம்பு பூச்சி கிடக்கும். காலமை பாக்கலாம்.”

“சரி, காலமை எடுக்கிறன்.”

அதற்குள் எப்படியாவது ஜெஸீமைப் பிடித்துப் பெட்டியைத் திருப்பி எடுத்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். அவருடைய போன் நம்பர் மேரி ரோஸிடம் இருக்கும். காலையில் கேட்கலாம். ஆனால் காலையில் எழும்பியவுடன் யன்னல் சீலைகளை ஊறப்போட்டாள். அண்ணன் வேலைக்குப் போகவில்லை. பிளேன்ரீ குடித்துவிட்டுக் கொட்டிலுக்குப் போனார். கிணற்றடியில் சீலை கும்மிக்கொண்டிருந்தவளுக்குத் தகரம் நகர்கிற சத்தம் கேட்டது. கான்கள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் கேட்டது. இந்தச் சீலையை அலசிவிட்டுப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தாள். அதை அலசி முடித்து மற்றதையும் எடுத்தாள். பிறகு சத்தம் நின்றுவிட்டது.

யதுர்சிகாதான் சாப்பிடக் கூப்பிடப் போனவள். கொட்டில் வாசலில் நின்றபடி, கத்தாமல், “அம்மா, மாமா எழும்புறாரில்லை,” என்றாள்.

சுருட்டி வைத்த தறப்பாளில் சாய்ந்து இருந்தார். தலைமயிரிலும் புருவத்திலும் ஒட்டடை. ஒரு கை இன்னும் தண்ணீர்க் கானின் பிடியில் இருந்தது.

பிறின்சி அலுமாரியை மூடினாள்.

“அக்கா, நான் ரவுனுக்குப் போகவேணும். வீட்டைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ.”

“இப்ப என்னத்துக்குப் பிள்ளை ரவுன்?”

“அவரின்ர சாமான் ஒரு இடத்தில இருக்கு. எடுத்துக்கொண்டு வாறன்.”

யதுர்சிகா ஸ்கூட்டியை எடுத்தாள். எங்கே என்று கேட்டதற்கு ஜெஸீம் நானாவின் இடத்துக்கு என்று மட்டும் பிறின்சி சொன்னாள். வீதிக்கு ஏறிய இடத்தில் கழுதைகள் குறுக்கே நின்றன. ஹோன் அடித்தும் அசையவில்லை. வாடைக்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கழுதைகள் தாங்களாக விலகும் வரைக்கும் இரண்டு பேரும் காத்து நின்றார்கள்.

ஜெஸீமின் இடம் எருக்கலம்பிட்டிச் சந்திக்கு அங்கால் இருந்தது. தகர வேலி, பெரிய இரும்புக் கேற். கேற்றில் பூட்டுத் தொங்கியது. வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் பிறின்சிக்கு ஞாபகம் வந்தது. ஜும்மாவுக்குப் போயிருப்பார்.

வேலி ஓரத்தில் ஒரு வேம்பு நின்றது. அதன் நிழல் இரண்டு பேருக்கும் போதவில்லை. யதுர்சிகா ஸ்கூட்டியிலேயே இருந்தாள். வேலி இடுக்கால் பிறின்சி உள்ளே பார்த்தாள். சைக்கிள் சட்டங்களும் கட்டில்களும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. றங்குப் பெட்டி தெரியவில்லை.

றொபேட் திரும்பப் போன் எடுத்தான். “எங்க நிக்கிறாய்? அந்த ஆள் நேரம் பாக்கிறார்.”

“வாறன். இன்னும் கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லுங்கோ.”

“வீட்டிலயோ நிக்கிறாய்?”

“வாறன் எண்டு சொன்னன்தானே.”

போனை வைத்தாள். யதுர்சிகா முன் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமாவின்ர பெட்டி இஞ்சயா கிடக்குது?”

“ஓம்.”

“நேற்றோ குடுத்தனீங்கள்?”

பிறின்சி தலையை ஆட்டினாள்.

“பின்னால வச்சிருக்கிறன் எண்டெல்லோ மாமாட்டச் சொன்னீங்கள். நான் அறைக்குள்ள நிண்டனான். கேட்டது.”

காற்று வேம்பின் சருகுகளைக் கேற்றடியில் கொண்டுபோய்க் குவித்தது. பிறின்சி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மகள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று பிறின்சிக்குப் பட்டது. கேட்டால் ஏதாவது சொல்லலாம். காலையில் திருப்பி எடுக்கத்தான் இருந்தேன் என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் ஒருவரும் கேட்காமல் அந்த உண்மையைச் சொல்ல ஏலாது.

பள்ளியில் தொழுகை முடிந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஜெஸீம் வெள்ளைத் தொப்பியோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இருவரின் முகத்தையும் பார்த்ததும் பூட்டைத் திறக்காமல் நின்றார்.

“என்ன தங்கச்சி?”

“நானா, நேற்றுத் தந்த அந்தப் பெட்டி வேணும். அண்ணா காலமை மோசம் போயிட்டார். அவரின்ர ஐசியும் உடுப்பும் அதுக்குள்ள.”

“யா அல்லாஹ்.” அவர் கையைக் கேற்றில் ஊன்றினார். “பெயின்ற் அடிக்கிற ராசேந்திரமா? எங்கட பள்ளிக் கேற்றுக்கு அடிச்ச மனுசனா?”

“ஓம்.”

“அவரிட பெட்டியா அது? நேத்து நீங்க சொல்லல்லையே தங்கச்சி.”

அவர் கெதியாகப் பூட்டைத் திறந்தார்.

பெட்டி உடைக்கப்பட்டிருந்தது. மூடி வேறாகவும் உடல் வேறாகவும் தகரக் குவியலில் கிடந்தன. “வந்த அண்டைக்கே பிரிச்சிடுறது,” என்றார் ஜெஸீம், குரலைத் தாழ்த்தி. “துணி ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம். ஆனா இன்னும் ஒண்டும் வெளிய போகல்ல. எல்லாம் இங்கதான் கிடக்கு. பாருங்க.”

துணிக் குவியல் இடுப்பளவு உயரத்தில் இருந்தது. ஊரிலுள்ள வீடுகள் எல்லாம் கழித்த துணி. பிறின்சி குந்தி இருந்து கிளறத் தொடங்கினாள். ஒரு வெள்ளைச் சேட் வந்தது. விரித்துப் பார்த்தாள். கழுத்துப்பட்டி கிழிந்திருந்தது. இன்னொன்று வந்தது. அதில் பையில்லை. அண்ணனின் சேட்டில் பை இருந்ததா? நீளக் கையா, அரைக் கையா? பாஸ்காவுக்கு அவர் கோயிலில் பின்வரிசையில் நின்றது ஞாபகம் இருந்தது. சேட் ஞாபகத்தில் இல்லை. கடைசியாக எப்போது அவருடைய உடுப்பைத் தோய்த்தோம் என்று யோசித்தாள். அவர் தன்னுடையதைத் தானே தோய்ப்பார். வேலியில் காயப்போட்டுத் தானே மடித்து எடுத்து வைப்பார். கையில் ஒரு சேட்டை வைத்துக்கொண்டு அவள் அப்படியே இருந்தாள்.

“அது இல்லையம்மா.” யதுர்சிகா பக்கத்தில் குந்தினாள். கையை நுழைத்து அடியிலிருந்து ஒன்றை இழுத்தாள். “இதுதான் மாமாவின்ர.”

“என்னெண்டு தெரியும்?”

“இஞ்ச பாருங்கோ. கைப்பட்டியில நீலம் தெறிச்சிருக்கு. கோயில் கொடிமரத்துக்கு அடிக்கேக்க பட்டது. போகேல்ல எண்டு சொன்னவர்.”

குன்றிமணியளவு ஒரு நீலப் புள்ளி. பிறின்சி அதைத் தடவிப் பார்த்தாள்.

காற்சட்டையும் கிடைத்தது. அதன் பின்பையில், வேளாங்கண்ணி மாதா படத்தோடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அடையாள அட்டை இருந்தது. ஜெஸீம் ஒரு சாக்கில் மீதியைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பழைய சேட் துண்டில் சுற்றிய தூரிகைகள், முகாமில் சாப்பிட்ட அலுமினியக் கோப்பை, உப்புத்தாள், ஒரு செபமாலை. கடைசியாக ஒரு பெயின்ற் டின்.

“இது புதுசு. திறக்கவேயில்ல,” என்றார். “பத்திரமாக் கொண்டு போங்க.”

டின்னின் மூடியில் நிறத்துக்கு ஓர் அடையாளம் தீற்றியிருந்தது. இளநீலம். கழுத்தில் ஒரு புதுத் தூரிகை ரப்பரால் கட்டியிருந்தது.

யதுர்சிகா அதை வாங்கிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“யன்னல் நிலையெல்லாம் பச்சை கழண்டு அசிங்கமாக் கிடக்கெண்டு நான்தான் சொன்னனான்,” என்றாள். “போன கிழமை. சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க. மாமா ஒண்டும் சொல்லேல்ல.”

பிறின்சி எழும்ப முயன்றாள். கால் விறைத்திருந்தது. ஜெஸீம் கையை நீட்டவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு கதிரையைத் தள்ளிவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள்.

“நீங்க தந்த பேசன்…” என்று தொடங்கினாள்.

“அதை விடுங்க தங்கச்சி. ஆக வேண்டியதைப் போய்ப் பாருங்க.”

ஆஸ்பத்திரியில் றொபேட் வாங்கு ஒன்றில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. உடுப்பை வாங்கி மணந்து பார்த்தான். “இதென்ன, டீசல் மணக்குது,” என்றான். பிறின்சி அடையாள அட்டையை அவன் கையில் வைத்தாள்.

மரண விசாரணை அதிகாரி வயதான மனிதர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அடையாள அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பேர், வயது, வேலை கேட்டார். முன்னம் நெஞ்சு வருத்தம் ஏதும் இருந்ததா என்று கேட்டார். தங்களுக்குத் தெரிய இல்லை என்றான் றொபேட்.

“விழேக்க என்ன செய்துகொண்டிருந்தவர்?”

“ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பாக்க ஆக்கள் வருகினம் ஐயா. அதுக்கெண்டு வீடு ஒதுக்கினனாங்கள். அவரும் பின்னால கொட்டிலுக்குள்ள சாமான் ஒதுக்கிக்கொண்டு நிண்டவர்.”

அதிகாரி பிறின்சியைப் பார்த்தார். “நீங்கள் வீட்டில நிண்டனீங்களோ அம்மா?”

“ஓம்.”

“சாமான் ஒதுக்கிக்கொண்டு நிண்டவர். அப்பிடித்தானே?”

யதுர்சிகா சுவரில் ஒட்டியிருந்த டெங்கு நுளம்புப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஓம்,” என்றாள் பிறின்சி.

அவர் எழுதினார். நெஞ்சில் அடைப்பு என்று டொக்டர் சொன்னார். முன்னமே இருந்திருக்க வேண்டும், வெளியே தெரியவில்லை என்றார். பாரம் தூக்கினால்தான் வரவேண்டுமென்றில்லை, நித்திரையிலும் வரும் என்றும் சொன்னார். றொபேட் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டு தலையாட்டினான். பிறின்சிக்கு ‘பாரம் தூக்கினால்’ என்பது மட்டும்தான் கேட்டது.

பொழுது சாய முன்னம் அண்ணனைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். தூக்கி வந்தவர்கள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இந்த வீடுகளில் ஒரு சவப்பெட்டியை வைக்க அலுமாரியைக் கழற்றி வெளியே போடவேண்டி வரும். இங்கே ஹோல் வெறுமையாகக் கிடந்தது. தரை பளிச்சென்றிருந்தது. மூலையில் மட்டும் அந்தக் கறை.

“நல்லகாலம், நல்ல இடம் கிடக்கு,” என்றாள் மேரி ரோஸ். “நாலு பக்கமும் கதிரை போடலாம்.”

வெள்ளைச் சேட்டின் கை விரல்கணு வரைக்கும் வந்தது. அவர் மெலிந்திருந்ததை இப்போதுதான் பிறின்சி கண்டாள். தலைமயிரை எண்ணெய் வைத்து வாரி இழுத்திருந்தார்கள். ஆனால் இடப்பக்கப் புருவத்தில் ஒட்டடை ஓர் இழை இன்னும் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒருவரும் கவனிக்கவில்லை. கையை நீட்டினாள். மெழுகுதிரி ஏற்ற ஒருவர் குறுக்கே வந்தார். விலகி நின்று, பிறகு எடுத்தாள். அதை எங்கே போடுவதென்று தெரியவில்லை. விரலில் உருட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

செபமாலை சொல்ல ஆட்கள் வந்தார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் றொபேட் வாசலில் நின்று அதையே சொன்னான். “பிள்ளையின்ர காரியத்துக்கெண்டு சாமான் ஒதுக்கப் போனவர். அப்பிடியே இருந்திட்டார்.” முதலில் தட்டுத் தடுமாறிச் சொன்னான். சொல்லச் சொல்ல அது ஒழுங்காக வந்தது. வந்தவர்கள் உள்ளே வந்து அதைப் பிறின்சிக்கே திருப்பிச் சொன்னார்கள். அவள் ஓம் ஓம் என்றாள். யதுர்சிகா குசினியில் தேத்தண்ணீர் ஊற்றினாள். தாய் இருந்த பக்கம் அவள் வரவில்லை.

சனிக்கிழமை காலை மாப்பிள்ளையின் தாய் ஜெயந்தினி முருங்கனிலிருந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய மனுசி. கறுப்புக் கரைச் சேலை உடுத்திருந்தார். பெட்டியடியில் முழந்தாளிட்டுச் செபித்துவிட்டுப் பிறின்சிக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.

“கவலைப்படாதேங்கோ. நாங்கள் பாஸ்கா முடிய வாறம். பிள்ளையை எங்களுக்குப் பிடிச்சிருக்கு,” என்றார் காதுக்குக் கிட்ட. “உங்கட அண்ணாவை நினைக்கப் பொறாமையா இருக்கு எனக்கு. ஆருக்கும் ஒரு கரைச்சல் குடுக்கேல்ல. வீட்டுக்காரியம் பாத்துக்கொண்டு நிக்கேக்க போயிருக்கிறார். எத்தனை பேருக்கு அப்பிடிக் கிடைக்கும்.”

பிறின்சி அந்த மனுசியின் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம். வாயைத் திறந்தாள். அந்த நேரம் மேரி ரோஸ் தேத்தண்ணீர்த் தட்டோடு வந்து இருவருக்கும் நடுவில் குனிந்தாள். ஜெயந்தினி கோப்பையை எடுத்தார். பிறகு பூசை வைக்கச் சுவாமி வந்துவிட்டார் என்று சொன்னார்கள். எல்லோரும் எழும்பினார்கள்.

பூசை முடிந்து சேமக்காலையில் மண் போட்டபோது காற்று பலமாக இருந்தது. போட்ட மண்ணில் பாதி பறந்தது. றொபேட் அழுதான். யதுர்சிகா கூட்டத்தில் கொஞ்சம் தள்ளி நின்றாள். பிறின்சிக்கு அழுகை வரவில்லை. பாவம், அதிர்ச்சி என்றார்கள் யாரோ பெண்கள்.

வீட்டுக்குத் திரும்பி வாசலில் கால் கழுவினார்கள். உள்ளே கூட்டம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பின்னேர வெய்யில் இன்னும் இருந்தது. பிறின்சி ஹோலுக்குள் போகாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள்.

நேற்றிலிருந்து கொட்டிலுக்குள் ஒருவரும் போகவில்லை. தகர ஓட்டைகளால் வெளிச்சம் விழுந்தது. கண் பழகக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகுதான் அவள் கண்டாள். அவள் தாறுமாறாகத் தள்ளிவிட்டுப் போன சாமான் எதுவும் அப்படி இல்லை. இடப்பக்கம் எல்லாம் அடுக்கி இருந்தது. கான்கள் சுவரோடு வரிசையாக. வலைத்துண்டுகள் மடித்து. சைக்கிள் மேலே தூக்கிக் கொழுவி. ஒவ்வொன்றையும் எடுத்து, பின்னால் பார்த்து, பிறகு இருக்கவேண்டிய மாதிரி வைத்திருக்கிறார். வலப்பக்கம் அவள் எறிந்தபடியே குவியலாகக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் சுருட்டிய தறப்பாள். அதில் ஓர் ஆள் சாய்ந்திருந்த பள்ளம்.

பிறின்சி சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். வலப்பக்கக் குவியலில் மேலே கிடந்த கானை எடுத்து, அதற்குப் பின்னால் பார்த்தாள். இடப்பக்கம் கொண்டுபோய் மற்றக் கான்களோடு வைத்தாள். அடுத்தது ஒரு கடகம். அதற்குப் பின்னாலும் பார்த்தாள். உடைந்த கதிரை. காற்றாடி. ஒரு சாக்கு. ஒவ்வொன்றையும் தூக்கி, குனிந்து பார்த்து, கொண்டுபோய் வைத்தாள். புழுதி கிளம்பியது. இருமினாள். நிறுத்தவில்லை.

வாசல் வெளிச்சம் மறைந்தது. யதுர்சிகா நின்றாள்.

“அம்மா, ஆக்கள் போகப் போயினம். அப்பா தேடுறார்.”

பிறின்சி பழைய வீட்டுக் கதவுப் பலகை ஒன்றைக் குவியலிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. திரும்பிப் பார்க்காமல் இன்னொரு தரம் இழுத்தாள்.

யதுர்சிகா ஹோல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, பலகையின் மற்ற முனையைப் பிடித்தாள்.